பில்சனில் பார்த்த மூன்று விரல் நுரை

பிராகாவாசி:

டீக்கடையில் நுரை ஏற்றிக் கொடுத்தால் அளவு குறைந்துவிட்டது என்று நினைத்து வளர்ந்தவன் நான். அதனால் வேலை மாறி செக் நாட்டுத் தலைநகர் பிராகாவுக்கு வந்த புதிதில், பீர் கிளாஸில் மேலே மூன்று விரல் அளவுக்கு நுரை நிற்பதைப் பார்த்து மனசு ஒப்பவில்லை. அலுவலகத்தில் பில்சன் என்ற செக் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை என்னை ரயிலேற்றித் தன் ஊருக்கே கூட்டிப்போய்விட்டார்.

அங்கே பீர்க் குழாயடியில் நின்று பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஊற்றுபவர் கிளாஸை முதலில் பச்சைத்தண்ணீரில் நன்றாக அலசுகிறார். துடைப்பதில்லை, ஈரத்தோடுதான் பிடிக்கிறார். குழாயை லேசாகத் திறந்ததும் முதலில் வருவது நுரை மட்டும், பால் ஆடை மாதிரி ஈரமான, கெட்டியான நுரை. பிறகு குழாயின் மூக்கை அந்த நுரைக்குள் அமுக்கி முழுதாகத் திறக்கிறார். பீர் நுரைக்கு அடியில் நிரம்பி, நுரையை மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. பீர் காற்றில் படுவதே குறைவு. நுரை மூடிபோல நின்று வாசனையையும் வாயுவையும் காக்கிறது என்றார் நண்பர். கடைசி வாய் வரை சுவை மாறாமல் இருந்தது, அதை நானே உணர்ந்தேன்.

‘ம்லீகோ’ என்றொரு ஊற்று முறையும் உண்டு. செக் மொழியில் பால் என்று பொருள். கிளாஸ் முழுக்க ஏறக்குறைய நுரைதான். அது அமுங்குவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். கசப்பு அடங்கி, இனிப்புத் தட்டும்.

இந்த ஊரின் கதை தெரிந்தபின் அந்தக் கிளாஸின் மேல் மரியாதை கூடிவிட்டது. 1838இல் பில்சன் மக்கள் கெட்டுப்போன பீரை, 36 பீப்பாய்களை, நகர மன்றத்தின் முன்னால் கொட்டினார்கள். அப்புறம் ஊர்க்காரர்களே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்பவரை அழைத்து வந்தார்கள். 1842 அக்டோபர் 5இல் முதல் வடிப்பு. வெளிறிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), சாட்ஸ் பகுதி ஹாப்ஸ் (கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ), அந்த ஊரின் உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர், குளிரில் அடியில் படிந்து நொதிக்கும் ஈஸ்ட். நாலும் சேர்ந்து பொன்னிறத்தில் ஒரு பீர் வந்தது. இன்று உலகத்தில் ‘பில்ஸ்னர்’ என்று விற்பதெல்லாம் இந்த ஊரின் பெயரைச் சுமப்பவைதான். ஆலையின் நிலவறையில், வடிகட்டாமல் ஓக் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுத்தார்கள். லேசாகக் கலங்கல், ரொட்டி வாசம், பின்னால் நின்று பேசும் கசப்பு. அந்தக் குளிரில் நின்று குடித்ததை மறக்க முடியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. பலகையில் 10, 12 என்று டிகிரி போட்டிருப்பதைப் பார்த்து 12 சதவீத மது என்று பயந்துவிடாதீர்கள். நொதிக்கும் முன் கரைசலில் இருந்த சர்க்கரைச் சத்தின் அளவு அது. அந்த 12 டிகிரி பில்சனில் மது 4.4 சதவீதம்தான்.

ரைன்கரை:

நீங்கள் சொல்லும் கிளாஸுக்கு நேர் எதிர் ஜெர்மனியில் எங்கள் கொலோன் நகரம். இங்கே 0.2 லிட்டர் பிடிக்கும் ஒல்லி கிளாஸ். பீர் சூடாகி நுரை செத்துப்போவதற்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பரிமாறுபவரை ‘கோபெஸ்’ என்பார்கள். கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் கணக்குக்கு ஒரு கோடு ஏறும். போதும் என்றால் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் மூட வேண்டும். முதல் நாள் எனக்கு அது தெரியாது. வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று ஆறு கிளாஸ் குடித்தபின், பக்கத்து மேசைப் பெரியவர் அட்டையை மூடிக் காட்டினார்.

இந்த ஊர் பீரான கோல்ஷ் பார்க்க பில்ஸ்னர் மாதிரியே இருக்கும். ஆனால் சற்று வெதுவெதுப்பில் மேலே பொங்கும் ஈஸ்டால் நொதிக்க வைத்து, பிறகு குளிரில் ஊறவிடுகிறார்கள். அதனால் மெல்லிய பழ வாசம் இருக்கும். 1997 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

மாடித்தோட்டம்:

வீட்டில் எனக்கு நுரை நிற்கவே நிற்காது. பீர்தான் பழசு என்று பல நாள் நினைத்தேன். காரணம் ஸ்பாஞ்ச்! குழம்புச் சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சில் கிளாஸையும் கழுவினேன். மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்துதான் குமிழியின் சுவரைப் பிடித்து வைக்கின்றன. எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் அது உடைந்துவிடும். தனி ஸ்பாஞ்ச் வைத்து, நிறையத் தண்ணீரில் அலசினேன். இப்போது நுரை நிற்பது மட்டுமில்லை, குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாகப் படிகிறது. முறுக்கு தின்ற உதட்டோடு குடித்தால் மட்டும் இன்னமும் சீக்கிரம் அமுங்குகிறது.

இன்னொன்று, பச்சை பாட்டிலை பால்கனி வெயிலில் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது.

சரி, அண்ணா, மூன்று விரல் நுரை போனால் அரை லிட்டர் காசு கொடுத்தவனுக்கு அளவு குறையாதா?

பிராகாவாசி:

குறையாது தம்பி. இங்கே கிளாஸில் விளிம்புக்குக் கீழே 0.5 என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு மேலே இருக்கும் இடம் நுரைக்கு. நானும் அன்று நண்பர் சொன்னபடி கை வைக்காமல் காத்திருந்து பார்த்தேன். நுரை மெதுவாக இறங்கியது. பீர் சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது.