கைனெட்டிக் சாண்ட்: தமிழில் ‘பிடிமணல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கைனெட்டிக் சாண்ட் என்பது கையில் பிடித்தால் உருவம் நிற்கும் விளையாட்டு மணல். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் நண்பர்கள் எழுதிய பரிந்துரைகளுக்கு என் பதில் இது. அவர்கள் எழுதியதை மேற்கோளாகக் காட்டி, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> ‘இயக்க மணல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இயக்க ஆற்றல் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கைனெட்டிக் சாண்ட் என்பது பொருளின் பெயர் அல்ல, வணிகப்பெயர். சுவீடனில் உருவான பொருள் அது. இன்று கனடாவின் ஸ்பின் மாஸ்டர் நிறுவனம் அந்தப் பெயரில் விற்கிறது. வணிகப்பெயரை மொழிபெயர்த்துக் கலைச்சொல் ஆக்கினால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத் தமிழாக்கியதாகத்தான் ஆகும். தவிர, நகரும் எந்தப் பொருளுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. காற்றில் பறக்கும் மணலுக்கும் உண்டு, லாரியில் போகும் மணலுக்கும் உண்டு. பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளை ‘இயக்க மணல்’ என்று கேட்டால் மின்கலம் போட்டு ஓடும் ஏதோ ஒன்று என்றுதான் நினைக்கும்.

> வெட்டினால் மெல்ல வழிந்து இறங்குகிறதே, அதுதானே அதன் சிறப்பு? நகர்மணல், ஊர்மணல் என்று ஏதாவது?

ஊர்மணல் எனக்கும் பிடித்தது. ஊர்தல் எவ்வளவு பொருத்தமான வினை! ஆனால் எழுத்தில் பார்க்கிறவர்கள் ஊருக்குச் சொந்தமான மணல் என்றுதான் படிப்பார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அந்த வழிதல் எல்லா வகைக்கும் பொதுவானது அல்ல. கடையில் வாங்குவதில் 98 விழுக்காடு நுண்மணல், 2 விழுக்காடு சிலிகோன் எண்ணெய். அந்த எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகளால்தான் அது மெதுவாக இழைந்து இறங்குகிறது. எண்ணெய் ஆவியாகிப் போகாததால் காய்வதும் இல்லை. வீட்டில் நாம் செய்யும் மணல் வழியாது. கையில் பிடித்தால் நிற்கும், தட்டினால் உதிரும், அவ்வளவுதான். வழிவதை வைத்துப் பெயர் சூட்டினால், வீட்டில் செய்ததைக் குழந்தையிடம் கொடுத்து என்ன பெயர் சொல்வது?

அதனால் எல்லா வகைக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். நான் செய்து பார்த்தவை இரண்டு. ஒன்று, 4 கப் மணல், 2 கப் மக்காச்சோள ஸ்டார்ச், 1 கப் தண்ணீர். இன்னொன்று, 5 கப் காய்ந்த மணல், 3 கப் மைதா, 1 கப் சமையல் எண்ணெய். (இடையில் ஒரு விண்ணப்பம்: செய்முறையில் ‘சோள மாவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவையும் அப்படித்தான் சொல்கிறோம், மக்காச்சோள மாவையும் அப்படித்தான் சொல்கிறோம். இங்கே வேண்டியது கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வழவழப்பான வெண்பொடி.)

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். வெறும் மணல் பருக்கைகளுக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வழியில்லை. கொஞ்சம் திரவம் சேர்ந்ததும் பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே சின்னச் சின்னப் பாலங்கள் உண்டாகின்றன. திரவத்தின் பரப்பு இழுவிசை அந்தப் பாலங்கள் வழியாகப் பருக்கைகளை நெருக்கிப் பிடிக்கிறது. கடற்கரையில் கட்டும் மணல் வீடு நிற்பதும் இதனால்தான், வெயில் ஏறியதும் சரிவதும் நீர்ப்பாலங்கள் காய்ந்துபோவதால்தான். திரவம் மிகுந்து இடைவெளி எல்லாம் நிரம்பிவிட்டாலும் பிடி போய்விடும். ஸ்டார்ச்சும் மைதாவும் இடைவெளிகளில் புகுந்து பருக்கைகளை இன்னும் நெருக்கமாக அமர்த்துகின்றன. ஆக, ‘பிடி’ என்ற சொல் இங்கே தானாகவே வந்து நிற்கிறது.

இதுவரை வந்த மற்றப் பரிந்துரைகளையும் பார்த்துவிடலாம்.

குழைமணல். காதுக்கு இனியது, ஆக்கமும் சரி. ஆனால் செய்து பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள், நம் மணல் எப்போது குழைகிறது? தண்ணீர் கூடிப்போனால்தான். முதல் முறை நான் அளக்காமல் ஊற்றியபோது மேலே பளபளத்து, கிண்ணத்தைக் கவிழ்த்ததும் அப்படியே சப்பையாக அமர்ந்துவிட்டது. ‘குழைந்துபோச்சு’ என்றுதான் வாயில் வந்தது. கெட்டுப்போன பதத்தின் பெயரை நல்ல பதத்துக்கு வைக்கக் கூடாது.

பிசைமணல். பிசைவது செய்யும்போது மட்டும்தான், விளையாடும்போது யாரும் பிசைவதில்லை. மாவில் செய்யும் விளையாட்டுக் களிக்குப் ‘பிசைமாவு’ என்று வைக்க இந்த வினையைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

வார்ப்பு மணல் கூடவே கூடாது. உலோகத்தை உருக்கி ஊற்றும் வார்ப்பாலைகளில், களிமண்ணும் சிறிது நீரும் கலந்து அச்சுக்காக இடிக்கும் மணலுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. ஒட்டுமணல் என்றால் கையில் ஒட்டும் என்று பொருள்படும். இது தன்னோடு தான் ஒட்டும், கையில் அதிகம் ஒட்டாது. அதுதான் இதன் அழகே.

‘வண்டல்’ என்று எழுதியவருக்கு என் மனமார்ந்த நன்றி. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் விளையாடுவது வண்டல். மணலில் செய்த பொம்மை வண்டற்பாவை. குழந்தைகள் மணலில் கட்டும் சிறு வீட்டைச் சிற்றில் என்கிறோம். பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. இவ்வளவு பழைய விளையாட்டுக்கு நம்மிடம் சொல் இல்லையே என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு அந்த மடல் பெரிய ஆறுதல். ஆனால் இன்றைக்கு வண்டல் என்றால் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் படிவு. அந்தப் பொருள் ஆழமாக வேரூன்றிவிட்டது. இந்த மணலில் செய்யும் உருவங்களுக்கு ‘வண்டற்பாவை’ என்ற சொல்லை மீட்டெடுக்கலாம். மணலுக்கே வைத்தால் குழப்பம்தான்.

இனி என் பரிந்துரை: பிடிமணல். ஊறுகாய் போல வினைத்தொகை. பிடித்த மணல், பிடிக்கின்ற மணல், பிடிக்கும் மணல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். நாம் பிடித்து உருவம் செய்வதையும் சொல்லும், பருக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதையும் சொல்லும். மூன்று வயதுக் குழந்தையின் நாக்குக்கும் எளிது. ‘உருண்டை பிடி’, ‘கெட்டியாப் பிடி’ என்று விளையாட்டில் ஏற்கெனவே வருகிற வினைதான்.

‘பிடிமண்’ என்று ஒரு சொல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஓரிடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வேறிடத்தில் வைப்பது அது. புனிதமான பொருள் கொண்ட சொல். அதில் கை வைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் அங்கே பிடி என்பது அளவு, இங்கே வினை. அங்கே மண், இங்கே மணல். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருகிற சூழலும் இல்லை.

வகைகளைப் பிரிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். தண்ணீர் சேர்த்ததை ‘நீர்ப்பிடிமணல்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். நீர்ப்பிடிப்புப் பகுதி நினைவுக்கு வந்து, தண்ணீரைத் தேக்கிவைக்கும் மணல் என்று ஆகிவிட்டது. அதனால் ஈரப் பிடிமணல், எண்ணெய்ப் பிடிமணல், கடையில் வாங்குவதற்குச் சிலிகோன் பிடிமணல் என்று வைக்கலாம்.

இன்னொரு சொல்லும் இதிலிருந்து கிடைக்கிறது: பிடிபதம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி விரலைத் திறக்க வேண்டும். விரல் தடம் அப்படியே நின்றால் பிடிபதம். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி நீர். பளபளத்துத் தொய்ந்தால் கொஞ்சம் ஸ்டார்ச். செய்முறையில் வழக்கமாக எழுதும் ‘தேவையான அளவு ஈரம் வரும்வரை கலக்கவும்’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘பிடிபதம் வரும்வரை’ என்று எழுதினால் போதும்.

செய்முறைத் தாளில் எச்சரிக்கை வரிகளையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். மணலை அலசி, சலித்து எடுக்க வேண்டும். உலர்ந்த மணலைச் சலிக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் ஈரமாக இருக்கும்போதே அலசிச் சலிப்பது நல்லது. பச்சை மைதாவில் கிருமி இருக்கலாம், அதனால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இது வேண்டாம். ஈரப் பிடிமணல் மூடிவைத்தால் சில நாளில் பூசணம் பிடிக்கும். வாடை மாறினால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். எந்த வகையையும் கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குழைமணலை முன்வைத்தவர் ஒரு முறை செய்து, பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்.