நூற்றைந்து ஏன் 1005 ஆனது?

தண்டையார்பேட்டையிலிருந்து, இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்:

என் மகள் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். சென்ற மாதம் ஆசிரியை சொல்லச் சொல்ல எண்களை எழுதும் தேர்வில், நூற்றைந்து என்பதற்கு 1005 என்றும் நூற்றிருபது என்பதற்கு 10020 என்றும் எழுதி வைத்திருந்தாள். வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஜவுளிக் கடை ஒன்றில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பும் எனக்கு, அந்தத் தாளைப் பார்த்ததும் வந்தது கோபம்தான். 105 என்று ஐம்பது முறை எழுதச் சொன்னேன்; கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதி முடித்தாள். மறுநாள் காலையில் இருநூற்று ஏழு எழுது என்றேன். 2007 என்று எழுதினாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையிடம் முறையிட்டபோது, "ஏன் அப்படி எழுதினாள் என்று அவளிடமே கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார். கேட்கவில்லை. அன்றிரவு கேட்டேன். "நூறு எழுதினேன், பக்கத்தில் ஐந்து எழுதினேன். நீதானே அம்மா அப்படிச் சொன்னாய்?" என்றாள். அவள் காதில் விழுந்ததை ஓர் எழுத்தும் குறையாமல் எழுதியிருக்கிறாள். எண்ணுக்கு இடமதிப்பு என்று ஒன்று இருப்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆசிரியை காட்டிய வழி மிக எளியது. சேலைப் பெட்டி அட்டையை வெட்டி, 100, 200 எனத் தொடங்கும் நூறுகளுக்கு நீள அட்டைகளும், 10, 20 எனத் தொடங்கும் பத்துகளுக்கு அதைவிடச் சிறிய அட்டைகளும், 1 முதல் 9 வரை ஒற்றை இலக்க அட்டைகளும் செய்துகொண்டேன். 100 அட்டையின் வலது ஓரத்தோடு பொருந்துமாறு 5 அட்டையை மேலே வைத்தால், கடைசிப் பூஜ்ஜியம் மறைந்து 105 என்று தெரியும். மேல் அட்டையைத் தூக்கினால் கீழே நூறு அப்படியே இருக்கும். அதை அவள் எத்தனை முறை தூக்கித் தூக்கிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. நூறு எங்கும் போய்விடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டாள் போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, குழந்தைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். என் மகள் மொட்டு நிலையில் இருக்கிறாள் என்று கேட்டதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராக இருக்கும்போது இவள் மட்டும் ஏன் பின்தங்கினாள் என்று மனம் சுருங்கிப் போனேன். அது தரவரிசை அன்று, எந்த இடத்திலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பு மட்டுமே என்று ஆசிரியை விளக்கிய பிறகுதான் தெளிந்தேன்.

இருபத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் "இருபத்துப் பத்து" என்கிறாள். அதைத் தவறு என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து, மூன்றாம் வகுப்பு மாணவனின் தந்தை:

சகோதரி, எங்கள் வீட்டுச் சண்டை கழித்தலில் தொடங்கியது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் மகன் 35 என்று எழுதினான். ஒன்றுகளின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், பத்துகளின் இடத்தில் 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்றும் போட்டிருந்தான். பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும் என்று முதல் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

நான் படித்த காலத்து வழக்கப்படி, "பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கு" என்றேன். "எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்து அதட்டினேன். ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதால் பள்ளியில் அதை இனமாற்றம் என்கிறார்கள் என்பதும், கடன் என்ற சொல் அந்தக் கணக்கில் நடப்பதைச் சொல்லவே இல்லை என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலக் கணக்கு எழுதும் எனக்கு அதற்குச் சரியான சொல் தினமும் வாயில் புழங்குகிறது: சில்லறை மாற்றுவது. ஐந்து பத்து ரூபாய் நோட்டுகளையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவன் கையில் கொடுத்து, எனக்கு 27 ரூபாய் கொடு என்றேன். ஏழு நாணயங்கள் வேண்டும், இரண்டுதான் இருக்கின்றன. ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தானே கொண்டுபோய் அவன் அம்மாவிடம் மாற்றி வந்தான். இப்போது நான்கு நோட்டுகளும் பன்னிரண்டு நாணயங்களும் ஆயின. இரண்டு நோட்டுகளையும் ஏழு நாணயங்களையும் கொடுத்தது போக, இரண்டு நோட்டுகளும் ஐந்து நாணயங்களும் மிஞ்சின. நோட்டு மாறினாலும் 52 ரூபாய் 52 ரூபாயாகவே இருந்தது என்பதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல தகப்பன். அடுத்த வாரம் அதே போன்ற ஒரு கணக்கை அவன் எதுவும் எழுதாமல் முடித்து, சரியான விடையை மட்டும் சொன்னான். எப்படி என்று கேட்டதற்கு, "27இலிருந்து 30க்கு மூன்று, 30இலிருந்து 52க்கு இருபத்திரண்டு, ஆக இருபத்தைந்து" என்று பழைய கணக்கையே எடுத்து விளக்கினான். புத்தகத்தில் உள்ளபடி செய் என்று கடிந்துகொண்டேன். அருகில் அமர்ந்திருந்த என் தாயார் சிரித்துவிட்டார். நாற்பது ஆண்டுகளாகக் கூடையில் மீன் விற்றவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். வாங்குபவர் கொடுத்த பணத்துக்கு மீதியை அவர் இப்படித்தான், விலையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டே கொடுப்பார். பேரன் அதை அவரிடமிருந்துதான் கற்றிருக்கிறான். தேர்வில் படிகளை எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் இரண்டு முறைகளும் தெரிந்திருக்கட்டும் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டோம்.

வியாசர்பாடியிலிருந்து, ஐந்தாம் வகுப்பு மாணவனின் தந்தை:

அட்டையும் நாணயமும் நல்லவைதாம். ஆனால் வாய்பாடு மனப்பாடமாகத் தெரியாத பிள்ளை பெரிய வகுத்தல் கணக்கில் பாதி வழியிலேயே களைத்துப் போகிறான் என்பதை என் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனப்பாடமே கூடாது என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராயபுரத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை:

வியாசர்பாடித் தம்பி சொல்வது நியாயம். வாய்பாடு நாவில் இருக்கத்தான் வேண்டும். எதை மனப்பாடம் செய்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்த பிறகு அது நாவில் ஏறட்டும் என்பதே என் வேண்டுகோள். மளிகைக் கடையில் முட்டை அடுக்கும் அட்டைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, முப்பது குழிகள். தட்டைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, அதே முப்பது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு 6 × 5 தெரிந்தால் 5 × 6ஐத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை; படிக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதி குறைந்துவிடுகிறது. 7 × 8 வராத பிள்ளையிடம் 7 × 7 எவ்வளவு என்று கேளுங்கள். 49 என்றால் இன்னும் ஓர் ஏழு சேர்த்து 56க்குத் தானே வந்து சேருவான்.

என் அனுபவத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது பின்னத்தில்தான். நான்கைவிட எட்டு பெரியது என்பதால் 1/4ஐவிட 1/8 பெரியது என்று நல்ல பிள்ளைகளும் எழுதுவார்கள். இதற்கு மருந்து நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. 1/8க்குப் பழைய பெயர் அரைக்கால். காலில் அரை என்று பெயரே அளவைச் சொல்லிவிடுகிறது. ஒரு தாளை இரண்டாக மடித்தால் அரை, மறுபடி மடித்தால் கால், இன்னொரு முறை மடித்தால் அரைக்கால். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் "ஒன் பை ஃபோர்" என்பதோடு நிறுத்தாமல் "நான்கில் ஒன்று" என்று சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை பங்காகப் பிரித்தோம் என்பது முதலில் வருவதால், அந்தச் சொல்லைக் கேட்டே பிள்ளை தாளை மடித்துவிடும்.

முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993இல் எங்கள் ராயபுரத்தில்தான் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ராமானுஜனும் 1912இல் நம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர்தான். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பெற்றோர் கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை அதட்டும்போது அவர் பெயரை இழுத்துவிடுகிறார்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு ஒரு சொல்: மகள் அடுத்து தொண்ணூறை 900 என்று எழுதினால் வியக்காதீர்கள். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. தமிழ் எண்ணுப்பெயர்களில் பிள்ளைகளை வழுக்கிவிடும் இடங்கள் இவைதாம்.

மீண்டும் தண்டையார்பேட்டையிலிருந்து:

ஆசிரியை அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவே தொள்ளாயிரம் எழுதச் சொல்லிப் பார்த்தேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஆயிரம் அட்டை நம்மிடம் இல்லையே, அம்மா" என்றாள். 900 அட்டையை எடுத்துக் காட்டி, இதன் பெயர்தான் தொள்ளாயிரம் என்றேன். நம்பவில்லை. எண்ணூறுக்கு அடுத்தது ஒன்பது நூறுதானே என்று என்னிடமே வழக்காடினாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், நாளை கடையில் பெட்டி கிடைத்தால் ஆயிரத்துக்கும் ஓர் அட்டை வெட்டித் தருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லித் தூங்க வைத்தேன்.