வசாய் ஒப்பந்தம் 1534-ஆ, 1802-ஆ?

கித்தாக்காடு:
வணக்கம். சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்துக்கு மும்பைக்கு வடக்கே இருக்கும் வசாய் கோட்டை பற்றி ஒரு காட்சிப் பலகை தயாராகிறது. வசாய் ஒப்பந்தம் ஓரிடத்தில் 1534, வேறோரிடத்தில் 1802 என்று இருக்கிறது. எது சரி? அவ்வளவு பெரிய மதிலை மராத்தியர் எப்படித்தான் உடைத்தார்கள்?

பிரட்டுக்களம்:
ரெண்டும் சரிதான், ஆட்கள் வேறு. 1534 டிசம்பரில் முகலாய மன்னர் ஹுமாயூன் படையெடுப்புக்கு அஞ்சிய குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வசாயையும் பம்பாயின் ஏழு தீவுகளையும் போர்த்துகீசியருக்குக் கொடுத்தார். 1802 டிசம்பர் 31-ல் போட்டது, இன்னொரு மராத்தியத் தலைவரான ஹோல்கரிடம் தோற்று ஓடிவந்த பேஷ்வா (மராத்தியப் பிரதமர்) இரண்டாம் பாஜிராவ் கும்பினியோடு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு, செய்துகொண்டது. கும்பினிப் படையைத் தன் செலவிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அடுத்த வருஷமே மராத்தியத் தலைவர்களுக்கும் கும்பினிக்கும் போர். பலகையில் ஆண்டை மட்டும் போட்டால் பிள்ளைகள் குழம்பும். யார் யாரோடு என்றும் எழுதுங்கள்.

பால்வாளி:
மதில் விஷயம் நான் சொல்றேன். சுற்றளவு சுமார் நாலரை கிலோமீட்டர், 11 கொத்தளம். மூன்று பக்கம் கடலும் கழிமுகமும் சேறும். தரைவழி நெருங்க வடக்குப் பக்கம்தான். 1737-லேயே தானே என்ற ஊரும் சால்செட் தீவும் மராத்தியர் கைக்குப் போனதால் வசாய் தனித்துவிட்டது. 1739-ல் மராத்தியத் தளபதி சிமாஜி அப்பா பீரங்கியை மட்டும் நம்பவில்லை. பதுங்குகுழி வெட்டிக்கொண்டே மதிலடிக்குப் போய், செபஸ்தியான் கொத்தளத்தின் கீழே சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். இந்த வேலையில் கழுத்தறுப்பது திரிதான்: எல்லாச் சுரங்கமும் ஒருசேர வெடிக்க வேண்டும். சில வெடித்து மதில் பிளந்ததும் வீரர்கள் ஏறினார்கள். வெடிக்காமல் கிடந்த ஒன்று அப்போதுதான் வெடித்து அவர்களையே கொன்றது. ஆனாலும் மே மாதம் கோட்டை சரணடைந்தது. போர்த்துகீசியர் அசையும் உடைமைகளோடு வெளியேறினார்கள். தேவாலய மணிகள் மராத்தியக் கோயில்களுக்குப் போயின. நாசிக் நாரோசங்கர் கோயிலில் தொங்கும் மணியில் 1721 என்ற ஆண்டு இருக்கிறது. பலகைக்கு இந்த மணிப் படம் நல்லா இருக்கும்.

கித்தாக்காடு:
நன்றிங்க. பக்கத்திலேயே மலாக்கா கோட்டை வாசலையும் போடலாமா?

பிரட்டுக்களம்:
தாராளமா. மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தது 1511, வசாய்க்கு 23 வருஷம் முன்னால். மலாக்காவில் ஒரு வாசல்தான் மிச்சம், மீதியை 1807-ல் வெள்ளைக்காரன் தகர்த்துவிட்டான். வசாயில் மதில் நிற்கிறது, உள்ளே தேவாலயங்களுக்குக் கூரைதான் இல்லை. படம் தேடும்போது வசாயின் பழைய ஆங்கிலப் பெயரான ‘பசீன்’ என்று போட்டால், அதே பெயர் கொண்ட பர்மா ஊரும் சேர்ந்து வரும், இப்போது அது பத்தெய்ன். அந்தப் படத்தை ஒட்டிவிடாதீர்கள்.