பாடாங் அணிவகுப்பும் மேட்டூர்த் தண்ணீரும்

நான் காவிரி டெல்டாவில் நீடாமங்கலம் பக்கம். 2015 ஆகஸ்டில் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தேன். அவர்களுக்கு அது சுதந்திரப் பொன்விழா வருஷம். வெள்ளி முதல் திங்கள் வரை தொடர் விடுமுறை. எங்களைப் போன்ற வேலை பர்மிட்காரர்களுக்கு லீவு என்றால் முதலில் ஞாபகம் வருவது, அன்று வேலைக்குப் போனால் கூடுதலாக ஒருநாள் சம்பளம் என்பதுதான். அதனால் வெள்ளியும் திங்களும் சைட்டுக்கே போனோம். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

ஜூலையிலேயே அங்கே களைகட்டிவிடும். அடுக்குமாடி வீடுகளின் வராந்தாவில் வரிசையாகச் சிவப்பு வெள்ளைக் கொடி. சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். போர் விமானம் தலைக்கு மேல் போனால் சாரத்தில் நிற்பவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பான். சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அப்புறம் அவரும் பார்ப்பார்.

தேசிய தின அணிவகுப்பு பாடாங் மைதானத்தில். டிக்கெட் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நாங்கள் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் புளிசாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மெரினா பே கரையில் இடம்பிடித்தோம். இருபது எஃப்-16 விமானங்கள் சேர்ந்து 50 என்ற எண்ணாகப் பறந்து போயின. தேசிய கீதம் மலாய் மொழியில். பக்கத்தில் இருந்த சீனக் குடும்பம் எழுந்து நின்று அதைப் பாடியது. பின்னால் இருந்த தமிழ்க் குடும்பமும் அப்படியே. எங்களுக்கு வரி தெரியாது, எழுந்து நின்றோம்.

ஆனால் மனசில் தைத்தது வாணவேடிக்கை இல்லை, மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் சொன்னது. அவர் அந்த ஊர்க்காரர். தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் போன குடும்பம். நேற்று எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க நாடு போராடி வாங்குச்சு தம்பி. எங்களுக்கு வெளிய போன்னு சொல்லித்தான் சுதந்திரமே வந்துச்சு."

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த செய்தியைப் பேசும்போது பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சி கேமரா முன்னாலேயே உடைந்து அழுதாராம். வெடி போட்டுக் கொண்டாடவில்லையா அண்ணே என்றேன். "எங்கப்பா முதல்ல கேட்டது, இனிமே தண்ணிக்கு என்ன பண்றதுன்னுதான்" என்றார். குடிக்கிற தண்ணீர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் வரவேண்டும். ஒப்பந்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, 1962இல் போட்டது 2061 வரை. இருந்தாலும் மடை அடுத்தவன் கையில்.

இதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். நம் ஜில்லாக்காரனுக்குத் தேவையில்லை. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போய் ஆகஸ்டு வந்தும் மேட்டூர் அணை திறக்குமா என்று பேப்பரில் அடி கணக்குப் பார்க்கிற ஜனம் நாம். முந்தினநாள் நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மெரினா பே கடல் இல்லையாம். 2008இல் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள். மழைத்தண்ணீரைத் தேக்குகிறார்கள், கழிவுநீரையும் சுத்தப்படுத்தித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஐம்பது வருஷத்தில் எதை எதையோ சாதித்ததாக மேடையில் காட்டினார்கள். எனக்கு அந்தத் தடுப்பணைதான் பெரிதாகத் தெரிந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எது பெரிதாகத் தெரியும்?

ஆகஸ்ட் 15 சனிக்கிழமை வந்தது. அங்கே அது சாதாரண வேலைநாள். (அதே பாடாங்கில்தான் 1943 ஜூலையில் நேதாஜி "டெல்லி சலோ" என்று முழங்கினார். அன்று சைட்டில் இதைச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை.) சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டேன். ஊரில் கொடி ஏற்றியாச்சா என்று கேட்டால் அப்பா அதற்குப் பதிலே சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைப் பற்றித்தான் பேச்சு.

"மூணாறு தலைப்புக்குத் தண்ணி வந்துருச்சாம்டா. நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வரல. நாத்தங்கால் உழவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பு."