பள்ளி லேபில் வோக்செலிப்ரே போடலாமா? லுவான்டி குளோனா, இல்லையா?

கொழிஞ்சாம்பாறை_லேப்
தமிழ் மீடியம் பள்ளி. 12 கம்ப்யூட்டர், எல்லாத்திலும் கைட் குனு/லினக்ஸ் (கேரளப் பள்ளிகளுக்கான ஓஎஸ்), 4 ஜிபி ராம், ஒரே சுவிட்சில் கேபிள். லிட்டில் கைட்ஸ் (பள்ளி ஐடி கிளப்) பிள்ளைகளுக்கு லுவா ப்ரோகிராமிங் சொல்லித்தர லுவான்டி (பிளாக் உலக கேம்களை ஓட்டற இலவச இன்ஜின், பழைய பேர் மைன்டெஸ்ட்) போடலாம்னு இருக்கோம். அதுக்குள்ள எந்த கேம்? வோக்செலிப்ரேயா, மைன்டெஸ்ட் கேமா? "அது மைன்கிராஃப்ட் காப்பி, பள்ளிக்கூடத்துல போடறது தப்பு"ன்னு ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு ஓடுதுங்க.

வாளையார்_கேட்
பேச்சு சரிதானுங்க மாஷே. வோக்செலிப்ரேக்கு 2024 வரைக்கும் பேரே மைன்குளோன் 2. மைன்கிராஃப்டோட ரெட்ஸ்டோன், நெதர், 3×3 கட்டத்துல அதே ரெசிபி எல்லாம் அப்படியே இருக்குது. பேரை மாத்திட்டா சரக்கு மாறிடுமுங்களா?

குப்பம்_கருங்கல்
அண்ணா, இன்ஜினையும் கேமையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. லுவான்டி வெறும் இன்ஜின். பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா 2010 அக்டோபரில் சி பிளஸ் பிளஸ்ல எழுத ஆரம்பிச்சது. மைன்கிராஃப்ட் ஜாவா. ஒரு வரி கோடுகூட இங்கேயிருந்து அங்கே போக வழியில்ல.

உள்கட்டமைப்பும் வேற. ஜாவா மைன்கிராஃப்டில் சங்க் என்பது கிணறு மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரே தூண். 1.18க்கு அப்புறம் உயரம் -64லிருந்து 320 வரை. இங்கே நீளம், அகலம், உயரம் மூணும் 16 உள்ள பெட்டி. அதனால மேலயும் கீழயும் பக்கத்திலயும் சுமார் 31,000 பிளாக் வரை போகலாம். காப்பி அடிச்சவன் இப்படி வேற கணக்குல கட்டமாட்டான்.

வாளையார்_கேட்
இன்ஜினைப் பத்தி நான் வாயே திறக்கலீங்க. கேமைத்தான் சொன்னேன். மைன்டெஸ்ட் கேமில் திரையோட அடியில பொருள் வெக்கற வரிசையில 8 கட்டம். வோக்செலிப்ரேயில 9. ஏன் 9? மைன்கிராஃப்டில் 9, அதைத் தவிர காரணம் இருந்தா சொல்லுங்க.

குப்பம்_கருங்கல்
அதுக்கு வேற காரணம் இல்லதான், ஒத்துக்கிறேன். ஆனா மைன்கிராஃப்ட் மட்டும் ஆகாசத்திலிருந்து குதிச்சதா? 2009ல் சக்கரி பார்த் விட்ட இன்ஃபினிமைனரைப் பார்த்துத்தான் அதே வருஷம் மே மாசம் மார்கஸ் பெர்சன் முதல் பதிப்பை விட்டார். அவரே அதை மறைக்கல.

வாளையார்_கேட்
"அவன் எடுத்தான், நானும் எடுத்தேன்" என்பது பதிலில்லீங்க. அதுவுமில்லாம இன்ஃபினிமைனர் ரெண்டு டீம் போட்டி போட்டு கனிமம் தோண்டற ஆட்டம். பெர்சன் எடுத்தது பிளாக் உலகம் என்ற தோற்றத்தை. மத்ததை அவரா சேர்த்தார். மைன்குளோன் அப்படியா? மைன்கிராஃப்டில் ஒண்ணு இருந்து இங்கே இல்லைன்னா அதைக் குறைன்னு பட்டியல் போட்டு நிரப்பின கேம் அது.

நகரி_தறி
இருவரும் "காப்பி" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பேசுகிறீர்கள். விளையாட்டு விதி யாருக்கும் சொந்தமில்லை. காப்புரிமைச் (பேடன்ட்) சட்டம் 1970, பிரிவு 3(எம்), விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. பதிப்புரிமையிலும் அதே கதை: ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம், கருவுக்கு உரிமையில்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உரிமை என்றது.

ஆனால் எல்லை உண்டு. 2012ல் நியூஜெர்சி நீதிமன்றம் டெட்ரிஸ் வழக்கில், விதியை எடுத்தது தப்பில்லை, துண்டுகளின் வடிவத்தையும் 20க்கு 10 என்ற பலகை அளவையும் அப்படியே எடுத்தது தப்பு என்றது. இங்கே கட்டுப்படுத்தாத தீர்ப்புதான். என்றாலும் வாளையார் சொன்ன 9 கட்டம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சிரித்துத் தள்ள முடியாது.

படங்களைப் பொறுத்தவரை வோக்செலிப்ரே பெரும்பாலும் பிக்சல் பெர்ஃபெக்ஷன் தொகுப்பிலிருந்து எடுத்தது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். கோடு ஜிபிஎல் 3. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே வருமென்றால், ஒரு மாணவர் மைன்கிராஃப்ட் ஜார் கோப்பைப் பிரித்து அசல் பிஎன்ஜி படத்தை மோடுக்குள் (கேமில் சேர்க்கும் துணைத் தொகுப்பு) போடும்போது. லுவான்டியில் சர்வர்தான் மோடின் படங்களை ஒவ்வொரு கிளையண்டுக்கும் அனுப்புகிறது. ஒரு கோப்பை வைத்தால் 12 கம்ப்யூட்டருக்கும் விநியோகம் செய்தது நீங்கள்தான்.

கொழிஞ்சாம்பாறை_லேப்
இது எங்க யாருக்கும் தோணலீங்க. மோடுக்குள்ள போற ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் எழுதி வெக்கச் சொல்லிடறேன்.

வாளையார்_கேட்
சட்டம் விட்டாச்சுன்னா போதுமுங்களா? பிள்ளைக படிக்கோணும்னா காலி கேமிலிருந்து தொடங்கட்டும். கேம்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டர், அதுல கேம் டாட் கான்ஃப், மோட்ஸ் ஃபோல்டர், உள்ள மோட் டாட் கான்ஃப், இனிட் டாட் லுவா. மண்ணுக்கும் தண்ணிக்கும் 16×16 படம் அவங்களே வரையட்டும். அப்ப யாரும் குளோன்னு சொல்லமாட்டாங்க.

குப்பம்_கருங்கல்
நல்ல யோசனைதான், ஆனா முதல் நாளே ரெண்டு இடத்துல மாட்டும். மேப்ஜென் ஸ்டோன், மேப்ஜென் வாட்டர் சோர்ஸ், மேப்ஜென் ரிவர் வாட்டர் சோர்ஸ் மூணுக்கும் ஏலியாஸ் (எந்த பிளாக்னு காட்டற மாற்றுப் பேர்) கொடுக்கலன்னா உலகமே வராது, ஆள் காத்துல விழுந்துகிட்டே இருப்பான். அடுத்து வெறுங்கைக்கு டூல் கேப்பபிலிட்டி எழுதணும். மறந்தா எவ்வளவு குத்தினாலும் கல்லு உடையாது. பிள்ளைங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுந்து போயிடுவாங்க.

வோக்செலிப்ரேயில அந்தத் தொல்லை இல்ல. எந்த பிளாக் என்ன செய்யணும்னு பிள்ளைங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தப்பு எங்கேன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க. ஆனா 4 ஜிபி மெஷினுக்கு அது கனம். மிருகங்களும் அசுரர்களும் சேர்ந்து சர்வரை இழுக்கும்.

வாளையார்_கேட்
பாருங்க, "ஏற்கெனவே தெரியும்"னு சொல்றீங்களே, அதைத் தெரியவெச்சது யாரோட உழைப்பு? ஆப் கடையில லுவான்டியை எடுத்து விளம்பரம் ஒட்டி விக்கறவனைப் பார்த்தா நீங்களே கொதிக்கறீங்க.

நகரி_தறி
விற்றதற்கு யாரும் கொதிக்கக் கூடாது. லுவான்டியின் உரிமமான எல்ஜிபிஎல் 2.1 விற்க அனுமதிக்கிறது. மாற்றிய இன்ஜினின் மூலக்கோடைத் தராமலிருப்பதுதான் மீறல். அங்கே எடுத்தது கோடு; இங்கே எடுத்தது கட்ட எண்ணிக்கை. இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

கொழிஞ்சாம்பாறை_லேப்
சரிங்க, 12 பேரும் ஒரே நேரத்துல உள்ளே வந்தா தாங்குமா?

குப்பம்_கருங்கல்
மாஷே, ஒரு மெஷினை சர்வருக்குன்னே விட்டுடுங்க. போர்ட் 30000, யுடிபி. ஃபயர்வாலில் டிசிபி மட்டும் திறந்தா கனெக்ட் ஆகாது. மீதி 11 மெஷினையும் ஒரே நிமிஷத்துல ஏத்தாதீங்க, முதல் தடவை எல்லா மெஷினும் படம், ஒலி இறக்கும். மூணு மூணு பேரா விடுங்க. எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். டிஸ்ட்ரோவோட வர்ற இன்ஜின் பழசா இருந்தா புது வோக்செலிப்ரே திறக்காது, ஃப்ளாட்பேக் பதிப்பு போட்டுக்கலாம்.

வேர்ல்ட் உருவாக்கறதுக்கு முன்னாடியே மேப்ஜென் லிமிட்டை (உலகத்தோட எல்லை) 500 ஆக்குங்க. அப்புறம் மாத்தினா அந்த வேர்ல்டுக்கு எடுபடாது. நிலம் 80 பிளாக் துண்டு துண்டாகத்தான் உருவாகும், அதனால 500க்குக் கொஞ்சம் உள்ளேயே ஓரம் நின்னுடும். அதுக்கப்புறம் எமர்ஜ்பிளாக்ஸ் ஹியர் 100 கொடுத்து நடுப்பகுதியை முன்கூட்டியே உருவாக்கிட்டா வகுப்பு நேரத்துல லேக் குறையும். சாவு, சண்டை வேண்டாம்னா எனேபிள் டேமேஜ் ஃபால்ஸ்.

வாளையார்_கேட்
ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், இதுல கருங்கல்லும் மறுக்கமாட்டாருங்க. முதல்ல வோக்செலிப்ரே, பின்னாடி சொந்த கேமுக்கு மாறிக்கலாம்னு நினைக்காதீங்க. வேர்ல்ட் ஃபோல்டருக்குள்ள கேம்ஐடியை மாத்தினா பழைய பிளாக் எல்லாம் அன்னோன் நோட் ஆயிடும். பிள்ளைக கட்டின வீடு பூரா ஒரே மாதிரி தெரியாத பெட்டியா நிக்கும்.

குப்பம்_கருங்கல்
மறுக்கல. ரெண்டுக்கும் தனித்தனி வேர்ல்ட்.