முயலுக்கும் இலக்குத் தாளுக்கும் ஒரே தோட்டா போதுமா?

நெடுங்குழல்:
அனுமதியுள்ள இடங்களில் முயல் வேட்டைக்கும், மற்ற நாட்களில் 50 மீட்டர், 100 மீட்டர் இலக்குகளைச் சுடுவதற்கும் ஒரே ரைஃபிளை வாங்க எண்ணுகிறேன். தோட்டா வகையில் .22 லாங் ரைஃபிளா, .17 எச்.எம்.ஆரா (எண்கள் குண்டின் ஏறத்தாழ விட்டம், அங்குலத்தில்) என்று முடிவு செய்ய இயலவில்லை.

காகிதப்புலி:
ஐயமின்றி .22 லாங் ரைஃபிளை எடுங்கள். 1887-இல் வந்த இந்தத் தோட்டா ஒலிம்பிக்கின் 50 மீட்டர் போட்டியில் இன்றும் நிற்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமன்று. அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். போட்டித் தோட்டாவின் குண்டு ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டரில் புறப்படுவதால், ஒலிவேகத்தைக் கடந்து இறங்கும்போது வேகமான குண்டுகளுக்கு நேரும் தடுமாற்றம் இதற்கு இல்லை. உதைப்பும் செலவும் குறைவு. .17 குண்டின் எடையோ வெறும் 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம், சிறு காற்றுக்கே அது விலகிவிடும்.

சமவெளி:
எடையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பக்கக்காற்றில் குண்டு எவ்வளவு விலகும் என்பது, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழந்து எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. நொடிக்கு 775 மீட்டர் அளவில் புறப்படும் .17 குண்டு, 100 மீட்டரில் 40 கிரெய்ன் .22 குண்டைவிடக் குறைவாகவே விலகுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதிவேக .22 தோட்டா சாதாரண .22-ஐவிடக் கூடுதலாக விலகும். ஒலிவேகத்தை ஒட்டிக் காற்றின் தடை மிகுவதே காரணம்.

வேட்டையில் இதைவிட முக்கியமானது தாழ்வு. 50 மீட்டருக்குக் குறியமைத்த .22 குண்டு 100 மீட்டரில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தாழ்கிறது. தொலைவைச் சற்றே தவறாகக் கணித்தாலும் முயல் காயத்தோடு ஓடிவிடும். 2002-இல் வந்த எச்.எம்.ஆரில் அந்தக் கவலை பெரிதும் இல்லை. அதன் மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே சிதறுவதால், ஈயக் குண்டைப் போலத் தரையில் தெறித்துப் பாயும் அபாயமும் குறைவு, இல்லாமல் போவதில்லை என்றாலும்.

காகிதப்புலி:
காற்று பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சிதறல் உடலில் பட்டால் இறைச்சியும் வீணாகுமே! 100 மீட்டரிலிருந்து முயலைச் சுட்டாக வேண்டிய கட்டாயம் என்ன? 50 மீட்டருக்குள் நெருங்கத் தெரிந்தவருக்கு .22 போதும். மேலும் 50 மீட்டர் போட்டி விதிகள் .22 லாங் ரைஃபிளையும், ஈயம் அல்லது அதைப் போன்ற மென்மையான பொருளால் ஆன குண்டையும் மட்டுமே ஏற்கின்றன.

பழம்பெட்டி:
இருவருமே .22 ஹார்னெட் என்ற தோட்டாவை மறந்துவிட்டீர்கள். இது சென்டர்ஃபயர், அதாவது அடிப்பகுதியின் நடுவில் தட்டப்பட்டு வெடிப்பது, என்பதால் வெற்றுக்கூட்டில் மீண்டும் வெடிமருந்திட்டுச் சுடலாம்; நீங்கள் பேசும் இரண்டையும் போல விளிம்பில் தட்டப்படும் ரிம்ஃபயர் தோட்டாக்களில் அதற்கு வழியில்லை.

சமவெளி:
மெல்லிய கழுத்துள்ள அந்தக் கூடு மருந்திடும்போதே நசுங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதியவருக்கு அது வேண்டாத சுமை.

நெடுங்குழல்:
நான் சுடப்போவதில் பெரும்பகுதி தாளில்தான். வேட்டை அரிது, அதுவும் புதர் நிறைந்த, தொலைவு குறைந்த நிலத்தில்.

சமவெளி:
அப்படியானால் .22-ஐ மறுக்கமாட்டேன், திறந்த வெளி என்றிருந்தால் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.

காகிதப்புலி:
மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவில்கூட, ஒருசேரத் தயாரான ஒரு தொகுதி தங்கள் குழலில் நெருக்கமாகக் குவியும், இன்னொன்று சிதறும். சில தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் தாங்கியின் மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நன்றாகக் குவியும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே கூடுதலாக வாங்குங்கள்.