மடிநோய் வந்த மாடு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பவானிக்கரை

எங்கள் செவலையைப் பற்றி எழுதிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈத்து. கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் நன்றாகத்தான் கறந்தது. விடியற்காலை தண்ணி காட்டினால் வாயே வைக்கவில்லை.

மடிநோய் என்றால் மடி கல்லு மாதிரி இறுகும், சுடும், கை பட்டால் மாடு உதைக்கும். நாம் எல்லோரும் பார்த்ததுதானே. இங்கே பின்பக்கம் வலது காம்பும் அதன் மேல்மடியும் சில்லென்று இருந்தன. மற்ற மூன்றும் உடம்புச் சூட்டில் இருக்க, அது மட்டும் குளிர்ந்து கிடந்தது. அழுத்திப் பிடித்தேன். மாடு காலைக்கூடத் தூக்கவில்லை. உதைத்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பீச்சினால் பால் இல்லை, சிவந்த தண்ணீர், அதில் காற்றுக் குமிழி. காம்பு நுனி நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்ததும், "இந்தக் காம்பை மறந்துடுங்க, மாட்டைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார். பாட்டில் பாட்டிலாக நரம்பில் ஏற்றினார், ஊசி, வலிக்கு மருந்து. மாடு பிழைத்தது. காம்பு கறுத்து, நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்து, மெல்ல மெல்ல அழுகிக் கழன்றது. அந்த நாற்றத்துக்கு ஈ மொய்க்காமல் பார்ப்பதே வீட்டில் எல்லோருக்கும் வேலையாகிவிட்டது.

இப்படிக் குளிர்ந்த மடியை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தஞ்சை மருமகன்

குளிர்ந்த மடி பார்த்ததில்லை அண்ணா. எங்கள் மாமனார் வீட்டு மாட்டுக்கு வந்தது சாதாரண வீக்கம். முன்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வந்தது, தயிர் உடைந்த மாதிரி. காய்ச்சல் இல்லை, தீனி எடுத்தது.

தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை வைத்தியம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவித் தோலோடு அரைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்ததும் ஆரத்தித் தட்டில் பார்க்கும் அதே சிவப்பு வரும். அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு, மடி முழுக்கப் பூச வேண்டும். காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடி கறந்து மறுபடி பூச்சு. நாளுக்கு எட்டுப் பத்து தடவை, குறைந்தது ஐந்து நாள். கூடவே எலுமிச்சம்பழம் தினமும் உள்ளுக்கு.

மாமியார்தான் பூசினார். ராத்திரியும் எழுந்து போய் டார்ச் அடித்துப் பூசிவிட்டு வருவார். ஒரு காலையில் கறுப்புத் துணியில் பீச்சிக் காட்டினார். துணி மேல் திரி ஒன்றுகூட நிற்கவில்லை, பால் அப்படியே உள்ளே இறங்கியது. அந்த ஈரத் துணியைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார்.

ஆன்டிபயாடிக் இல்லாமலே ஆகிறது என்றுதான் சொல்ல வருகிறேன்.

பால்கேன்

தஞ்சைத் தம்பி, உங்கள் மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பவானி அண்ணன் மாடு இருந்த நிலையில் கற்றாழை அரைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் மாடு படுத்துவிடும். அங்கே விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பால் தண்ணீராகிறது, மாடு தீனி விட்டுவிட்டது, காது குளிர்ந்திருக்கிறது, எழுந்திருக்கத் தடுமாறுகிறது என்றால் உடனே டாக்டர். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

என் அனுபவம் வேறு மாதிரி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாட்டுக்குக் காம்புத் துளை வழியாக ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றினார்கள். வீக்கம் இறங்கியதும் பாலை வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள், எங்களுக்கும் ஒரு சொம்பு வந்தது. என் வீட்டுக்காரி காய்ச்சி உறை ஊற்றினாள். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் பால் பாலாகவே நிற்கிறது. கெடவும் இல்லை, உறையவும் இல்லை. உறைமோர் சரியில்லையோ என்று பக்கத்து வீட்டில் வாங்கி மறுபடி ஊற்றினாள். அப்பவும் உறையவில்லை. தயிராக்கும் கிருமியையே அந்த மருந்து வளர விடவில்லை. அந்தப் பாலைத்தான் அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை ரெண்டு வேளையும் குடித்துக்கொண்டிருந்தது.

காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுசாகப் போகாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ட்யூப் உறையிலேயே போட்டிருக்கும், இல்லாவிட்டால் ஊசி போடுகிற டாக்டரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரு காம்பில்தான் ஏற்றினோம், மற்ற மூன்றையும் சொசைட்டிக்கு ஊற்றலாம் என்பதும் தப்பு. மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புக்கும் வரும்.

கறவைக்காரி மகள்

எங்கள் அம்மா நாலு வீட்டுக்குக் கறவைக்குப் போகிறவர். ஒரு வீட்டில் காபி உப்புக் கரிக்கிறது என்று புகார். சர்க்கரை டப்பாவில் உப்பு கலந்துவிட்டதா என்றுகூடப் பார்த்தார்களாம். அம்மா போய் நாலு காம்பிலும் தனித்தனியாக உள்ளங்கையில் பீச்சி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் உப்பு. வீக்கம் இல்லை, சூடு இல்லை, பால் வெள்ளையாகத்தான் இருந்தது. கன்றை அவிழ்த்துவிட்டால் அதுவும் அந்தக் காம்பை ஒரு தடவை சப்பிவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிறது. கன்றுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்காரர் நம்பவே இல்லை. மாடு நல்லாத்தானே இருக்கு என்றார். கொஞ்ச நாளில் அந்தக் காம்பில் பால் பாதியானது. அம்மா சொன்னபோதே கேட்டிருந்தால் பால் தங்கியிருக்கும். கறக்கிறவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஓய்வு ஆய்வாளர்

மகளே, உன் அம்மா சொன்னது முழுக்க சரி. நோய் வந்த மடியில் பாலின் உப்புச்சத்து கூடும். ஆனால் பச்சைப் பாலை நாக்கில் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். கால்நடை ஆய்வாளராக இருந்தபோது நான் பார்த்த மாடுகளில், வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் மடிநோய்தான் அதிகம். முகாம் ஒன்றில், ஊரிலேயே அதிகம் கறக்கும் மாடு என்று பெருமையாக ஒன்றைப் பிடித்து வந்தார்கள். நாலு குழித் தட்டில் நாலு காம்பின் பாலையும் பீச்சி, அதே அளவு மருந்து நீர் விட்டுச் சுழற்றினேன். மூன்று குழியில் பால் தண்ணியாக ஓடியது. நாலாவதில் மூக்குச்சளி பதத்துக்குத் திரண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டது. மாட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது.

கலிபோர்னியா சோதனை என்பார்கள், 1957 முதல் உலகமெங்கும் இருப்பது. மருந்து நீர் கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரைத்துச் சமபங்கு பாலோடு சுழற்றிப் பாருங்கள், ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். சோதித்த பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கி இழுத்துக் கறப்பதை விடுங்கள். உள்ளே புண்ணாகிக் கிருமிக்கு வழியாகிறது. ஐந்து விரலாலும் முழுக்கையாகக் கறக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று பீச்சைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். நோய் மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற கிருமி கறப்பவர் கையிலும் துணியிலும் ஏறித்தான் மாட்டுக்கு மாடு போகிறது. சாணியிலும் ஈரத்திலும் இருக்கும் ஈ.கோலை அப்படியில்லை, மாடு படுக்கும்போது தரையிலிருந்தே ஏறும். கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதனால் காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, மாட்டின் முன்னால் தீனியைப் போடுங்கள், நின்று தின்னட்டும். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன் பாலை வற்றவிடும்போது, கடைசிக் கறவையில் நாலு காம்பிலும் அதற்கென்று உள்ள ட்யூபை டாக்டரைக் கொண்டு ஏற்றுங்கள். பழைய நோய் அந்த ஓய்வில்தான் நன்றாகக் கேட்கும்.

பவானிக்காரரே, கன்று போட்ட உடன் வரும் குளிர்ந்த மடி பெரும்பாலும் அந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் விஷத்தால் சதை செத்துப்போவது. அரிதுதான், ஆனால் ஒரே ராத்திரியில் முடித்துவிடும். முந்தின சாயங்காலம் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

தஞ்சை மருமகன்

பால்கேன் அண்ணா, காய்ச்சல் மாட்டுக்கு டாக்டர் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன உறையாத பால் இருக்கிறதே, அதனால்தான் எங்கள் வீட்டில் முதலில் பூச்சு. சின்ன வீக்கத்துக்கெல்லாம் ட்யூப் என்று போனால் நாளைக்கு எந்த மருந்துக்கும் கிருமி அடங்காது. பூசியும் இரண்டு நாளில் குறையவில்லை என்றால் நானே போன் போடுவேன்.

பால்கேன்

இரண்டு நாள் அதிகம் தம்பி. ஒரு நாளில் திரி குறையவில்லை என்றால் கூப்பிடுங்கள். பூச்சு பாட்டுக்கு நடக்கட்டும், நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பவானிக்கரை

ஆய்வாளர் ஐயா, சாயங்காலம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எழுதினீர்களே, அதை வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குக் கறந்தது அம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செவலை இப்போது மூன்று காம்பில் கறக்கிறது. வியாபாரி வந்து அடிமாட்டு விலை கேட்டார், கொடுக்கவில்லை. சினை பிடித்திருக்கிறது. வற்றவிடும்போது மூன்றுக்கும் ட்யூப் ஏற்ற டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று. ஒரு சந்தேகம் ஐயா: அடுத்த ஈத்தில் அந்தச் செத்த பக்கம் பால் சுரந்து உள்ளேயே கட்டிக்கொள்ளுமா?

ஓய்வு ஆய்வாளர்

கட்டாது. சுரக்கும் சதையே அங்கே போய்விட்டது. கன்று போட்டதும் மற்ற மூன்றையும் முதல் வாரம் தினமும் தொட்டுப் பாருங்கள். சூடு மட்டுமல்ல, குளிர்ச்சியையும் பாருங்கள்.